மூன்றும் நான்கும் சேருமிடம்

போன வருடம் எங்கள் கோயில் விழா மலரில் என் வீட்டுக்காரர் முத்துராஜைப் பற்றி அரைப் பக்கம் போட்டார்கள். ‘பெரார்கஞ்சின் பெருமை’ என்று தலைப்பு. தப்புப் பறை அடிப்பதில் இந்த அந்தமான் தீவிலேயே அவருக்கு நிகர் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. கூடவே ஒரு படம். அவர் தப்பை அணைத்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரம்ஸ் குச்சிகளோடு சிரித்துக்கொண்டு நின்றவள் ஷீலா. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டெலானிபூரில் ஓர் அம்மாள் என்னிடமே வந்து, “முத்துராஜும் சம்சாரமும் ஜோடியா வாசிக்கிறாங்களாமே, என்ன பொருத்தம்!” என்றாள்.

“சம்சாரம் நான்தாங்க” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்படியா” என்று கிளம்பிவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அவர் கதையை ராஜகுமாரியாகிய நானே எழுதிவிடுவது என்று. நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் பிறந்தது கச்சால் தீவில். நானும் அங்கேதான். எங்கள் இரண்டு குடும்பமும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவை. சுனாமிக்குப் பிறகு தெற்கு அந்தமானுக்கு வந்து பெரார்கஞ்சில் ஒட்டிக்கொண்டோம். அவருக்கு வாகனப் படகில் வேலை. பம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தமுக்கும் நடுவே லாரிகளையும் ஸ்கூட்டர்களையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற படகு. கரை சேரும்போது கயிறு கட்ட வேண்டும், கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும். நடுவில் வேலை இல்லை. அந்த நேரத்தில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு நிற்பார். படகின் இரண்டு இயந்திரங்களும் ஒரே வேகத்தில் ஓடாதாம். ஒன்று முந்துமாம், மற்றது பிந்துமாம், கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு ‘டம்’ விழுமாம். அந்த ‘டம்’மைக் கேட்டுக்கொண்டே கயிற்றை மறந்துவிடுவார். படகு ஓட்டுகிற வங்காளிக்காரர் மேலே இருந்து, “அரே முத்து, ஸோ கயா க்யா?” என்று கத்துவாராம். தூங்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் காப்பி டம்ளரில் விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. என் அண்ணன் யோகராஜ் உள்ளே வந்து, “மாப்பிள்ளைக்குக் கை நடுக்கம் இருக்கும்போல தெரியுது புள்ள, யோசிச்சுக்க” என்று பயந்தார். எனக்குக் கேட்டது நடுக்கம் இல்லை, கல்யாண அடி. சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்குத் தப்பில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் அடி உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று, சாமி ஊர்வலத்துக்கு ஒன்று, காமன் கூத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சாவுக்கு அடிக்கிற அந்தச் சாவடியைக் கேட்டால் எங்கள் ஆண்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எழுந்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பிணத்துக்கு முன்னால் தவிர வேறெங்கும் அந்த அடியை அடிக்கக் கூடாது. பழகிப் பார்ப்பதற்கென்று வீட்டில் அடிக்கக் கூடாது, வாயால்கூடச் சொல்லிப் பார்க்கக் கூடாது. நான் தப்புக் குச்சியைத் தொட்டதில்லை. ஆனால் காது முழுக்க அதுதான்.

கல்யாணமான புதிதில் தொடங்கிய ஒரு பழக்கம் எங்களுக்கு இருந்தது. சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, கொட்டகையில் தென்னை மட்டையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார். இந்த ஊர் மழையில் தோல் தொய்ந்துபோகும், காய்ச்சாமல் சத்தம் எழும்பாது. நான் ஏதாவது வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். ஒரு சுற்று அடித்து முடித்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். எப்படி இருந்தது என்று கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். பார்ப்பார், அவ்வளவுதான். நகை நட்டு என்று அவர் எனக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதைத்தான் ஷீலா எடுத்துக்கொண்டு போனாள்.

ஷீலாவும் எங்கள் ஆள்தான். ஆனால் போர்ட் பிளேரில் மின்னி பே பகுதியில் பிறந்து வளர்ந்த டவுன்காரி. மொபைல் கடையில் வேலை. அங்கேயே ஓர் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிப்பாள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை, எல்லாம் போனில் பார்த்துப் பழகியதுதான். முப்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நன்றாக இருப்பாள். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

ஒரு விழா மேடையில் அவளுடைய ஆர்கெஸ்ட்ராவும் எங்கள் வீட்டுக்காரரின் தப்புக் குழுவும் ஒன்றாக ஏறியிருந்தார்கள். நடுவில் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, கிட்டார் செத்தது, பாடிக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். டிரம்ஸுக்கும் தப்புக்கும் கரண்ட் எதற்கு? அவை இரண்டு மட்டும் நிற்கவில்லை. அவர் நான்கு அடிக்கிற நேரத்தில் அவள் மூன்று அடித்தாள். இரண்டும் ஒன்றாகக் கிளம்பின, பிறகு அதனதன் போக்கில் போயின. இப்போது ஒன்று தடுக்கி விழப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விழவில்லை. ஒரே ஓர் இடத்தில் இரண்டும் வந்து சேர்ந்து ‘டம்’ என்று விழுந்தன. அந்த இடத்தில் அவர் தலையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். இருவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கூட்டம் விசிலடித்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் பார்த்தார்கள். அதற்கு அடுத்த சுற்றிலும். ஊரில் மற்றவர்களெல்லாம் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் இத்தனை பேருக்கு முன்னால் மேடை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். அவருடைய படகிலேயே ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு வருவாள். பழைய டிரம்ஸ் செட் ஒன்றை எங்கள் கொட்டகையிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டாள். அது இடத்தை அடைத்துக்கொண்டதால் என் விறகு வெளியே போய் மழையில் நனைந்தது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் மீன் குழம்பு வைப்பேன், அவள் இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டு, “அக்கா, உங்க கைப்பக்குவத்துக்கு யாருமே வரமுடியாது” என்பாள். அவரை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு வேறு மாதிரிச் சந்தேகம் எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். இதற்கு என்னவென்று சண்டை போடுவது? ‘என் புருஷனோடு ஏன் தாளத்தில் சேர்கிறாய்’ என்று கேட்டால் சிரிக்கமாட்டார்களா?

ஒருநாள் அவள் என் சமையலறைக்கே வந்து, இரண்டு கரண்டியை எடுத்துக் கவிழ்த்த தட்டில் தட்டிக்காட்டினாள். “இங்க பாருங்கக்கா, பன்னெண்டு சின்ன அடி வச்சுக்கங்க. மூணு மூணா பிரிச்சா நாலு வரும். நாலு நாலா பிரிச்சா மூணு வரும். ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். அவ்வளவுதான் மேட்டர்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. “ஒண்ணும் வெளங்கல, அடுப்புல வேலை கெடக்கு” என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவள் இன்னொன்று கொண்டுவந்தாள். போனில் பார்த்ததாம், மெட்ரிக் மாடுலேஷனாம். அவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தார். கடைசியில் ‘நடை மாத்து’ என்று அவரே பெயர் வைத்தார். கை ஓடுகிற வேகம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டிருந்த சின்ன அடிகளைச் சட்டென்று நான்கு நான்காகக் கூட்டுவார்கள். யாரும் நிறுத்தவில்லை, யாரும் மெதுவாக்கவில்லை, ஆனால் கேட்கிறவர் காலுக்கு நடை மந்தமாகிவிடும். படி இறங்கியதே தெரியாமல் கீழே வந்து நிற்பதுபோல இருக்கும். திரும்ப மூன்றாக்கினால் பழைய ஓட்டம் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலே அதுதான், நன்றாக இருந்தது.

இந்த வைகாசியில் என் அண்ணன் மகள் ஜெயராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹரிஹரன் டெலானிபூர், அரசாங்க வேலைக்காரக் குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலி. அவனுடைய அம்மா விஜயலட்சுமி, கல்யாணத்தில் தப்பு என்றதும் முகத்தைச் சுளித்தார். “எங்க பக்கம் அது சாவுக்கு அடிக்கிறதுல்ல? மேளம் நாதஸ்வரம் போதாதா?” என்றார். அண்ணன் காலில் விழாத குறையாக, “எங்க ஆளுங்களுக்குக் கல்யாணத்துக்குன்னே ஒரு அடி இருக்குங்க சம்பந்தி. கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று சம்மதம் வாங்கினார். வாங்கிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, “மச்சான், என் மானம் உங்க கையில” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாண அடியிலேயே ஒரு நடை மாற்றை வைப்பதென்று அவரும் ஷீலாவும் முடிவு செய்தார்கள். கொட்டகையில் பழகினார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். அவர்கள் மூன்றிலிருந்து நான்குக்கு இறங்கிய இடத்தில் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இறங்கிப்போய் அவர்கள் நின்ற நடை சாவடியின் நடை. அச்சு அசல்.

“நிறுத்துங்க” என்றேன். “அது சாவு நடை.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கை கல்யாண அடியிலதான் ஓடுது. நான் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நீங்க எண்ணுறீங்க. நான் கேக்குறேன். அங்க உக்காந்திருக்கிற ஆளுங்களும் கேக்கத்தான் போறாங்க.”

ஷீலா குச்சியைக் கீழே வைத்தாள். “எனக்குச் சாவடி தெரியாதுக்கா. எங்க ஏரியாவுல வண்டி வந்து பொணத்தை எடுத்துட்டுப் போயிரும். அண்ணே, ஒரே ஒருவாட்டி அதை அடிச்சுக் காட்டுங்க, ரெண்டும் ஒண்ணான்னு பாத்துருவோம்.”

“கல்யாண வீட்டுக்குப் பழகுற எடத்துல அதை அடிக்கச் சொல்றியா? பாகலா, பைத்தியமா நீ?” என்றார் அவர். அடிக்கவும் முடியாது, வாயால் சொல்லவும் முடியாது. நான் எப்படி நிரூபிப்பது? ஷீலா, “இல்லண்ணே, அக்கா சும்மா சொல்லமாட்டாங்க” என்று எனக்காகப் பேசினாள். அவள் எனக்குப் பரிந்து பேசியதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

“நீ ஒண்ணும் எனக்கு வக்காலத்து வாங்க வேணாம்” என்று கத்தினேன்.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ காதால கேக்கல குமாரி. வயித்தெரிச்சல்ல கேக்குற.”

நான் தேநீரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வயிறு எரிந்தது உண்மைதான். அதற்காகக் காது அவிந்துபோகுமா? எனக்கு அழுகை வந்தது. பொறாமைக்காரி என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கல்யாணம் பெரார்கஞ்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, நாதஸ்வரக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். எங்கள் குழு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கல்யாண அடி எழும்பியதும் எங்கள் பெண்கள் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தார்கள். நான்கு சுற்றிலேயே மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். விஜயலட்சுமி அம்மாள் மடியில் விரலால் தாளம் போட்டார். அண்ணன் அதைப் பார்த்து என்னிடம் கண்ணைக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் மட்டும் என் வீட்டுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஷீலாவைப் பார்த்துத் தலையசைத்தார். நடை மாறியது.

கையின் வேகம் அப்படியேதான் ஓடியது. மூன்று மூன்றாக விழுந்தது நான்கு நான்காக விழுந்தது. கூடம் ஒரு படி கீழே இறங்கியது. ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்குக் கால் பின்னியது. இரண்டாம் வரிசையில் சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணை மூடியிருந்த எங்கள் அழகையா மாமா, கண்ணைத் திறக்காமலேயே எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பின்னால் இரண்டு பேர். மேடையில் ஜெயராணி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். விஜயலட்சுமி அம்மாள் அந்த இடுப்புத் துண்டுகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், “என்ன இது? யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

அந்தத் துண்டுகளை என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். அந்த நொடியில்தான் தான் அடிப்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகத்தில் ரத்தம் இல்லை. நிறுத்த முடியாது. கல்யாண அடி பாதியில் முறிந்தால் அது அதைவிடக் கெட்ட சகுனம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். திரும்ப மூன்றுக்கு ஏற வேண்டிய இடமும் பயத்தில் அவருக்குத் தப்பிவிட்டது. ஷீலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் கூடவே அடித்துக்கொண்டிருந்தாள்.

‘நான் சொன்னேனே’ என்று எனக்குள் ஒன்று குதித்தது. குதிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் குலவையிட்டேன். தொண்டை கிழிகிற மாதிரி இட்டேன். பிறகு கையைத் தட்டினேன்.

அவர்கள் விட்டுவிட்டுப் போன கல்யாண ஓட்டம் என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தட்டினேன். அவர்களுடைய கனத்த அடி மூன்று விழுகிற நேரத்தில் என் கை நான்கு தட்டியது. முதல் சுற்றில் நான் தனியாகத் தட்டினேன், பைத்தியக்காரி மாதிரி இருந்திருக்கும். இரண்டாம் சுற்றில் பக்கத்தில் நின்ற ஒச்சம்மா பிடித்துக்கொண்டாள். கும்மி தட்டிப் பழகிய கை அவளுடையது, சுற்றி நின்ற பெண்களையெல்லாம் முழங்கையால் இடித்துத் தட்டவைத்தாள். மூன்றாம் சுற்றில் எங்கள் பெண்கள் எல்லோரும் நான்கைத் தட்டினோம்.

தப்பில் ஓர் அடிகூட மாறவில்லை. ஆனால் காது கைத்தட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சற்றுமுன் பிணத்துக்கு முன்னால் நடப்பதுபோல் கேட்ட அதே அடி, இப்போது கல்யாணத் தாளத்தின் குறுக்கே புகுந்து கேலி செய்துகொண்டு ஓடியது. பையன்களின் கால் தானாகச் சரியானது. அழகையா மாமா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடுப்புத் துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஆட வந்துவிட்டார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே வந்தார்கள். “ஓ, இதுக்குத்தான் எந்திரிச்சாங்களா?” என்று விஜயலட்சுமி அம்மாள் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரரின் தோள் தளர்ந்தது. கைத்தட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடினார். என் நான்கும் அவர்களுடைய மூன்றும் சேருமிடம் நெருங்கியது. வழக்கம்போல ஷீலா தலையைத் தூக்கினாள், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் என்னைத்தான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஷீலா மறுபடியும் தலையைத் தூக்கினாள், மறுபடியும் அவளுக்கு அவருடைய பக்கவாட்டு முகம்தான் கிடைத்தது. அவர் பார்வை போகிற இடத்தைத் தேடிக்கொண்டு வந்து அவள் கண் என்னிடம் நின்றது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொறாமை ஒரு முகத்தை எப்படி அசிங்கமாக்குகிறது என்று வெளியிலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் நல்லவள். எனக்காகப் பேசியவள். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.